பலவகைச் சாசேஜ்கள்: வீட்டுச் சமையலுக்கு எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது?

செந்தூல் சமையற்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் சாசேஜ் என்றால் இதுநாள்வரை உறைபெட்டியில் இருக்கும் கோழி ஃபிராங்ஃபர்ட்டர் ஒன்றுதான். காலையில் ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்போம். மிஞ்சிய சோற்றில் நாசி கோரேங் செய்தால் நறுக்கிப் போடுவோம். வேலைக்குப் போய்த் திரும்பி நேரமில்லாத நாளில் சம்பலில் பிரட்டி எடுப்போம். இப்போது நாங்கள் செல்லும் பேரங்காடியில் ஓர் அலமாரி முழுவதும் புதிய வகைகள் வந்துவிட்டன. பிராட்வர்ஸ்ட், மெர்கெஸ், சொரிசோ, இத்தாலியச் சாசேஜ், சலாமி, பெப்பரோனி என்று பெயர்கள் நீள்கின்றன. ஹலால் அல்லாத பொருள்களுக்கான தனிப் பகுதியில் சீனர்களின் லாப் சியோங்கும் தொங்குகிறது. சமையல் காணொளிகளில் இவற்றைப் பெயர் சொல்லிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எதை முழுமையாக வேகவைக்க வேண்டும், எதை அப்படியே உண்ணலாம், ஒன்று கிடைக்காதபோது வேறு எதைப் போடலாம் என்பதை யாரும் பொறுமையாக விளக்குவதில்லை.

எங்கள் வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். அவருக்காக வீட்டில் அது அறவே வருவதில்லை. பன்றியிறைச்சியை நானும் கணவரும் உண்போம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கணவரின் முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்பதால் அன்றைய சமையல் வேறு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. இத்தனையையும் மனத்தில் வைத்து, சாசேஜ் வகைகளை எந்த அடிப்படையில் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பத்து ஃபெரிங்கி சமையல்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. பினாங்கில் ஹோட்டல் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். காலை உணவு மேசைக்கு நாள்தோறும் சாசேஜ் சமைத்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெயரையும் நாட்டையும் முதலில் பார்க்காதீர்கள். அந்தச் சாசேஜ் தயாரித்தவர் கையை விட்டு வெளியே வரும்போது பச்சையாக இருந்ததா, வெந்திருந்ததா, உலர்ந்திருந்ததா என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சட்டியில் அதை என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விடையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

முதலில், நீங்கள் அறிந்த ஃபிராங்ஃபர்ட்டர். இது வெந்த வகை. இறைச்சியையும் கொழுப்பையும் உப்பையும் பனிக்கட்டியோடு சேர்த்துக் களிம்புபோல் ஆகும்வரை அரைத்து, உறையில் அடைத்து, ஆலையிலேயே வேகவைத்துவிடுகிறார்கள். சில வகைகளுக்குப் புகையும் காட்டுகிறார்கள். ஆகவே நம் வேலை அதைச் சூடாக்குவதும் சிவக்க வைப்பதும்தான். கொதிக்கும் நீரில் போட்டால் வெடித்துப் பிளந்து சுவை தண்ணீருக்குப் போய்விடும். நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, அதாவது ஏறக்குறைய 80 பாகைக்கு இறங்கியதும், சாசேஜைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் வைத்தால் போதுமானது. சம்பலிலோ குழம்பிலோ சேர்ப்பதாக இருந்தால், முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியே எடுத்து வைத்து, குழம்பு இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போடுங்கள். தொடக்கத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் ஊதிப்போய்ச் சக்கையாகிவிடும். அதிலுள்ள உப்பும் குழம்பில் இறங்கிவிடும். இதே காரணத்தால், சாசேஜ் சேரும் குழம்புக்கு வழக்கமான அளவு உப்பைப் போடக் கூடாது. போலோனியும் மோர்ட்டடெல்லாவும் இதே குடும்பம். அளவில் பெரியவை, துண்டு போட்டு உண்பவை.

அடுத்தது பச்சை வகை. இத்தாலியச் சாசேஜ், வட ஆப்பிரிக்காவின் மெர்கெஸ், ஆங்கிலேயர்களின் கம்பர்லாண்ட் ஆகியவை இதில் அடங்கும். பிராட்வர்ஸ்ட் மட்டும் பச்சையாகவும் வரும், வெந்ததாகவும் வரும். பொதியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பச்சைச் சாசேஜ் கையில் எடுத்தால் தளதளவென்று வளையும், வெட்டிய இடத்தில் அரைத்த இறைச்சியின் மணிகள் தெரியும். உண்மையில் இது உறைக்குள் இருக்கும் மசாலாக் கொத்திறைச்சிதான். எனவே உள்நடு வரை வேக வேண்டும். ஆடு, மாடு, பன்றி என்றால் உட்பகுதி 71 பாகை செல்சியசையும், கோழி என்றால் 74 பாகையையும் தொட வேண்டும். கம்பி போன்ற சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நிறத்தைப் பார்த்து மட்டும் வெந்துவிட்டதென்று தீர்மானிப்பது நம்பத்தக்கதன்று.

சமைக்கும் முறை இதுதான். சட்டியில் சாசேஜை அடுக்கி, அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மூடியை எடுத்தால் தண்ணீர் வற்றும், சாசேஜிலிருந்து கொழுப்பு கசியும், அந்தக் கொழுப்பிலேயே புரட்டிப் புரட்டிச் சிவக்க விடலாம். முள்கரண்டியால் குத்தும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது; அதை விட்டுவிட வேண்டுகிறேன். குத்திய துளை வழியே வெளியேறும் சாறுதான் அதன் சுவை. பெருந்தீயில் எடுத்த எடுப்பிலேயே வறுத்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும், உறையும் கிழியும்.

நம் சமையலுக்கு மிகவும் பொருந்துவது இந்தப் பச்சை வகைதான் என்பது என் உறுதியான கருத்து. இத்தாலியச் சாசேஜின் அடையாள மணமே சோம்பு. மெர்கெஸில் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ இருக்கும். சீரகமும் பூண்டும் காய்ந்த மிளகாயும் சேரும். உறையைக் கீறி உள்ளிருப்பதை உதிர்த்துவிட்டால் கொத்துக்கறி கிடைக்கிறது. வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைப் பட்டாணியோடு வதக்கினால் இடியாப்பத்துக்குச் சிறந்த துணை. வட தாய்லாந்தின் சை உவா என்ற சாசேஜில் செராயும் (எலுமிச்சைப் புல்) எலுமிச்சை இலையும் மஞ்சளும் சேரும். பன்றியிறைச்சி உண்பவர்கள் அதை எங்கேனும் கண்டால் விடாதீர்கள்.

மூன்றாவது உலர்ந்த வகை. சலாமி, பெப்பரோனி, ஸ்பெயின் நாட்டுச் சொரிசோ ஆகியவை உப்பிட்டு, புளிக்கவைத்து, பல வாரங்கள் உலர்த்தப்பட்டவை. இவற்றை மெல்லிய வில்லைகளாக அப்படியே உண்ணலாம். சொரிசோவில் ஒரு குழப்பம் உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சொரிசோ பெரும்பாலும் உலர்ந்தது. புகையூட்டிய மிளகாய்த் தூளால் சிவந்தது. மெக்சிகோ நாட்டுச் சொரிசோவோ பச்சையானது. காடியும் மிளகாயும் சேர்ந்தது, கட்டாயம் சமைக்க வேண்டும். செய்முறையில் வெறுமனே சொரிசோ என்று இருந்தால், அது எந்த நாட்டுச் சமையல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்ததை எண்ணெய் விடாமல் சிறு தீயில் முதலில் வதக்கினால் சிவந்த கொழுப்பு வெளிவரும். அதில் வெங்காயம் தாளித்துச் சமையலைத் தொடங்கலாம். கிடைக்காவிட்டால், கொத்திய கோழித்தொடையில் காஷ்மீர் மிளகாய்த் தூள், நசுக்கிய பூண்டு, சிறிது காடி, உப்பு பிசறி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துச் சமையுங்கள். மெக்சிகோ வகைக்கு இது நல்ல மாற்று. ஸ்பெயின் வகைக்கு இது ஈடாகாது. புகைமணமும் உலர்ந்த இறுக்கமும் வேறு வழியில் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். சாசேஜுக்குக் கறித்தூள் ஒவ்வாது என்று எண்ண வேண்டியதில்லை. 1949-ஆம் ஆண்டு பெர்லினில் ஹெர்த்தா ஹொய்வர் என்ற பெண்மணி பொரித்த சாசேஜின்மீது தக்காளிச் சாற்றையும் கறித்தூளையும் சேர்த்து விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். கறிவர்ஸ்ட் என்ற பெயரில் அது இன்றும் ஜெர்மானியர்களின் அன்றாடத் தெருவுணவாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி எழுதியது:

வணக்கம் அக்கா. ஐயா மிக அருமையாக விளக்கியிருக்கிறார். நான் உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் மாமியாரை மனத்தில் வைத்து, ஐயா தொடாத ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அது மேலுறை.

கோழிச் சாசேஜ் என்று பொதியின் முகப்பில் எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் இறைச்சி கோழி என்றுதான் பொருள். அதைச் சுற்றியுள்ள உறையும் கோழியிலிருந்து வந்தது என்று பொருளாகாது. உறைகள் பலவகைப்படும். ஆட்டுக் குடலும் பன்றிக் குடலும் இயற்கை உறைகள். கடித்தால் பட்டென்று வெடிக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு. கொலாஜன் உறை ஆலையில் செய்யப்படுவது; அது பெரும்பாலும் மாட்டுத் தோலின் உள்ளடுக்கிலிருந்து எடுக்கப்படுகிறது, அதை இறைச்சியோடு சேர்த்தே உண்கிறோம். செல்லுலோஸ் உறை தாவர நாரிலிருந்து வருவது. வேகவைத்த பிறகு ஆலையிலேயே உரித்துவிடுவார்கள், அதனால்தான் பல ஃபிராங்ஃபர்ட்டர்கள் தோலில்லாமல் வழுவழுப்பாக இருக்கின்றன. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் உறையும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

ஹலால் முத்திரை இந்த ஐயத்தைத் தீர்க்காது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் அங்கீகாரம் பெற்ற பொருளில் பன்றியின் கூறு எதுவும் இருக்காது. ஆனால் முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் அங்கே அனுமதிக்கப்பட்டதே. முஸ்லிம் நண்பர்களுக்கு அந்த முத்திரை போதும். மாட்டிறைச்சியை விலக்கும் இந்துக் குடும்பத்துக்குப் போதாது. நல்ல வேளையாக, நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், மாடு அல்லது பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ உணவில் சேர்ந்திருந்தால், அதைப் பொதியில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. ஆகவே பொதியைத் திருப்பி, ‘மெங்கண்டுங்கி’ (மலாயில் ‘அடங்கியுள்ளது’) என்று தொடங்கும் வரியையும், உட்பொருள் பட்டியலில் ‘கொலாஜென்’, ‘லெம்பு’ (மாடு) ஆகிய சொற்களையும் தேடுங்கள். ‘சோசேஜ் டாகிங்’ (இறைச்சிச் சாசேஜ்) என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியே. பிட்சாவுக்கான ஹலால் பெப்பரோனியும் பல நேரங்களில் மாட்டிறைச்சிதான்.

அதே பட்டியல் தரத்தையும் காட்டிக்கொடுக்கும். உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. கோழி இறைச்சிக்கு அடுத்து உடனே தண்ணீர், மாவுச்சத்து, சோயாப் புரதம் என்று வரிசை போனால், விலை ஏன் மலிவு என்று விளங்கும். அத்தகையவை நாசி கோரேங்குக்குக் குறையில்லாமல் பயன்படும். ஆனால் தனியாகச் சுட்டு, சாசேஜையே முதன்மையாக வைத்துப் பரிமாறும் நாளில் இறைச்சி மிகுந்ததை வாங்குங்கள்.

செந்தூல் சமையற்கட்டு எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. உறையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக எனக்கு யாரும் சொன்னதில்லை. பொதியைப் படித்த மாமியார் உங்களுக்குத் தம் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. லாப் சியோங் எந்த வகையில் சேரும்? அது பார்ப்பதற்குச் சலாமிபோல் உலர்ந்தே இருக்கிறது, அப்படியே உண்ணலாமா? மேலும், உறையே இல்லாமல் வீட்டில் கோழிச் சாசேஜ் செய்ய வழியுண்டா?

ஜார்ஜ்டவுன் இல்லத்தரசி எழுதியது:

லாப் சியோங்கை அப்படியே உண்ணக் கூடாது, சகோதரி. உலர்ந்திருந்தாலும் அது சலாமியைப்போல் புளிக்கவைத்துப் பக்குவப்படுத்தியதன்று. பச்சை இறைச்சியாகவே கருதிச் சமைக்க வேண்டும். பன்றியிறைச்சியும் சிறு சதுரங்களாக வெட்டிய கொழுப்பும், உப்பு, சர்க்கரை, சோயாச் சாறு, ரோஜா மணமுள்ள மதுவோடு சேர்த்துச் செய்யப்படுவது அது. கருமை கூடியதாக இருந்தால் ஈரல் சேர்த்தது. அதன் சுவை கனமானது, முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் பினாங்குச் சந்தைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

சுடுநீரில் ஒருமுறை அலசி, சோறு வேகும்போது தண்ணீர் வற்றிய தறுவாயில் முழுதாகச் சோற்றின்மீது வைத்து மூடிவிடுங்கள். சோறு தம்மாகும் கால்மணி நேரத்தில் அதுவும் வெந்துவிடும்; உருகும் கொழுப்பைச் சோறு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சாய்வாக மெல்லியதாய் நறுக்குங்கள். மண்சட்டிக் கோழிச் சோற்றின் மணத்தில் பாதி இதனால் வருவதுதான். இதன் இனிப்பு அதிகம் என்பதால் கூடவே சேர்க்கும் இனிப்புச் சோயாவைக் குறைத்துவிடுங்கள். என் வீட்டில், வேகவைத்து நறுக்கியதைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நிறைய மிளகு ஆகியவற்றோடு பெரட்டலாகச் செய்வேன். ரசச் சோற்றுக்கு அது மிகவும் பொருத்தம். புளிக்குழம்பில் மட்டும் போடாதீர்கள், இனிப்பும் புளிப்பும் ஒட்டுவதில்லை. கோழியில் செய்த லாப் சியோங்கும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஈரப்பதத்தில் வெளியே தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஈப்போ சாலை தாதி எழுதியது:

குழந்தைக்கு மூன்று வயது என்று படித்தவுடன் எழுதத் தோன்றியது. சாசேஜை வட்ட வில்லைகளாக வெட்டி அந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வட்டம் குழந்தையின் மூச்சுக்குழலைச் சரியாக அடைத்துவிடும் அளவும் வடிவமும் உடையது. முதலில் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு சிறு துண்டுகளாக நறுக்குங்கள். தடித்த உறையிருந்தால் உரித்துவிடுங்கள். உட்கார வைத்து உண்ணச் செய்யுங்கள்.

வெந்த வகையைப் பொதியிலிருந்து எடுத்து அப்படியே உண்ணும் பழக்கமும் வேண்டாம். 2017-18 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் போலோனி வழியாகப் பரவிய லிஸ்டீரியா தொற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இக்கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகும். கருவுற்ற பெண்களும் முதியவர்களும் ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே உண்ண வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. ஒரு ஃபிராங்ஃபர்ட்டர் ஏறக்குறைய அந்த எடைதான். எனவே குழந்தையின் அன்றாடக் காலையுணவாக அதை ஆக்கிவிடாமல், எப்போதாவது உண்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பத்து ஃபெரிங்கி சமையல்காரர் எழுதியது:

தாதியம்மா சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். உறையில்லாச் சாசேஜுக்கு வருகிறேன். வீட்டில் செய்யத் தகுந்தது அதுதான். எலும்பு நீக்கிய கோழித்தொடை ஒரு கிலோவை அதன் தோலோடும் கொழுப்போடும் எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை. சாசேஜ் வறண்டு நார்நாராகிவிடும். துண்டுகளாக்கி, ஓரங்கள் இறுகும்வரை உறைபெட்டியில் வைத்து, அரைக்கும் கிண்ணத்தையும் குளிர வைத்துவிட்டு அரையுங்கள். உப்பு 16 கிராம் என்று தராசில் நிறுத்துப் போடுங்கள். நசுக்கிய பூண்டு, மிளகு, வறுத்துப் பொடித்த சோம்பு, சிறிது மிளகாய்த் தூள் ஆகியவற்றை உங்கள் நாவுக்கேற்பச் சேர்த்து, பனிக்கட்டி நீர் 100 மில்லிலிட்டர் விட்டு, கலவை கையில் ஒட்டிக்கொண்டு கீழே விழாத அளவுக்குப் பிசையுங்கள்.

இந்தப் பிசைதலில்தான் எல்லாம் இருக்கிறது. உப்பு இறைச்சியிலுள்ள புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. அந்தப் புரதம் நீரையும் கொழுப்பையும் பற்றிக்கொண்டு, சூட்டில் இறுகி, அறுத்தால் உதிராத சாசேஜாகிறது. கலவை சூடேறிவிட்டால் கொழுப்பு இளகிப் பிரிந்து, வேகும்போது எண்ணெயாக வழிந்துவிடும். நம் ஊர் வெக்கையில் இது மிக விரைவில் நிகழும். கலவை 12 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கை சூட்டை உணர்ந்தால் நிறுத்தி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு சிட்டிகையை வறுத்து உப்பும் காரமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாழையிலையைத் தணலில் வாட்டி, கலவையை விரல் தடிமனில் வைத்து இறுகச் சுருட்டி, இரு முனைகளையும் நூலால் கட்டி, 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். வெப்பமானி 74 பாகை காட்டியதும் எடுத்து, ஆறவிட்டு, இலையைப் பிரித்து, உண்ணும்போது சிறிது நெய்யில் சிவக்க வறுங்கள். மாமியாரும் உண்ணலாம், ஹலால் கோழியில் செய்தால் தீபாவளி விருந்தினர்களுக்கும் தயங்காமல் பரிமாறலாம்.

கடைச் சாசேஜில் இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவதும், பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியைத் தடுப்பதும் நைட்ரைட் உப்பு. இதில் அது சேரவில்லை. ஆகவே நிறம் வெளுத்தே இருக்கும், அது குறையன்று. குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாளுக்குள் உண்டுவிடுங்கள், மீதியை அன்றே உறைய வையுங்கள். இதே கலவையை லாப் சியோங்போல் வெளியில் தொங்கவிட்டு உலர்த்தவோ, பலமணி நேரம் இளஞ்சூட்டில் புகை காட்டவோ மட்டும் முயலாதீர்கள்.